உயர்த்தாத வீடு

தென்சென்னையில் தாழ்வான தெருவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: வீட்டை உயர்த்திவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அது ஒரு யோசனையாகச் சொல்லப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு, இன்னும் ஏன் செய்யவில்லை என்ற கேள்வியாக மாறிவிட்டது. மடிப்பாக்கத்தில் என் அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் தாழ்வாரத்துக்கு வர வேண்டும். சாலை மேல் சாலையாகப் போட்டுப் போட்டு, அந்த மூன்று படிகளும் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலைக்குக் கீழே போய், இன்று தெருவிலிருந்து முற்றத்துக்கு இறங்கி வருகிறோம். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவுதான்; ஆனால் அதற்கு முன்பே ஏறிவிட்ட சாலையை அது இறக்கித் தராது. ஆகவே அறிவுரை சொன்னவர்கள் யாரும் தவறாகச் சொல்லவில்லை. இருந்தும் அது என் மனத்தில் சமாதானமாக உட்காரவே இல்லை. ஏன் உட்காரவில்லை என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டை உயர்த்தும் வேலையைச் சென்னைவாசிகள் பலரும் பார்த்திருப்பார்கள். சுவரின் அடிப்பகுதியைச் சிறிது சிறிதாக உடைத்து, இரும்புச் சட்டங்களைச் செருகி, அவற்றின் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவாகத் திருகி, மொத்தக் கட்டடத்தையும் அங்குலம் அங்குலமாகத் தூக்குகிறார்கள். கீழே உண்டாகும் இடைவெளியைக் கட்டி நிரப்புகிறார்கள். விரிசல் விடாமல் ஒரு மாடி வீடு நான்கடி மேலே போவதைப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தொழிலாளர்கள் மேல் மரியாதைதான் வரும். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்து அளந்து, அடித்தளம் எப்படிப்பட்டது என்று விசாரித்து, தொகை சொல்லிவிட்டுப் போனார். அம்மா சம்மதித்துவிட்டார், மனைவியும் சம்மதித்துவிட்டாள். பணத்தைப் புரட்டுவதுதான் பாக்கி என்ற கட்டத்தில், ஏற்கெனவே உயர்த்தப்பட்ட ஒரு வீட்டை நேரில் பார்த்துவிடலாம் என்று, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் போனேன். மிக்ஜாமுக்கு முன்பே நான்கடி உயர்த்தியிருந்தார்.

ஜாக்கி தூக்காதவை

அவருடைய கூடத்தில் ஒரு சொட்டு நீர் வரவில்லை என்பது உண்மை. தரை ஓடுகள் புதிதாகப் பளபளத்தன. சுவரில் வெள்ளத்தின் கறைக்கோடு இல்லை. அதைப் பெருமையோடு காட்டிய பிறகு, நான் கேட்காமலே மற்றதையும் சொன்னார். வீடு உயர்ந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டியான சம்பு உயரவில்லை. அதன் வாய் பழைய மட்டத்திலேயே இருந்ததால் தெருத் தண்ணீரும் கழிவுநீரும் கலந்து அதற்குள் இறங்கிவிட்டன. மோட்டார் முற்றத்தில் மூழ்கியது. செப்டிக் டேங்க் முழுவதும் நீருக்கடியில் போனதால் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் கீழே போகவில்லை. மின்சாரத்தைத் தெரு முழுவதற்கும் நிறுத்திவிட்டார்கள். இன்வெர்ட்டர் முதல் இரவோடு தீர்ந்தது. வீட்டுக்குள் ஈரமில்லை, ஆனால் குடிக்கவோ கழுவவோ நீரில்லை, விளக்கில்லை, கழிவறையில்லை. நடக்க முடியாத தம் மாமியாரைக் கடைசியில் படகில்தான் ஏற்றினார்கள். அப்போது அந்த உயரமான புதுப் படிக்கட்டில் கிழவியைத் தூக்கிக்கொண்டு இறங்கியதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது என்றார். “வீடு தப்பிச்சிடுச்சு சார், நாங்கதான் மாட்டிக்கிட்டோம்” என்று அவர் சொன்னதை அவ்வளவு எளிதில் என்னால் ஒதுக்க முடியவில்லை.

வரும் வழியில் என் கேள்வியே மாறிப்போனது. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது. உண்மையில் கேட்க வேண்டியது, தண்ணீர் தெருவில் நிற்கும் நாட்களில் அந்த வீட்டில் ஆட்கள் இருக்க முடியுமா, தண்ணீர் வடிந்த பிறகு எவ்வளவு விரைவில் பழையபடி வாழ முடியும் என்பது. தரைமட்டம் அதில் ஒரு பங்குதான். குடிநீர், மின்சாரம், கழிவு வெளியேறும் வழி, ஆள் வெளியேறும் வழி ஆகிய நான்கும் ஜாக்கியால் தூக்கப்படுபவை அல்ல. எங்களுக்கு ஒரு மாடி இருக்கிறது. வெள்ளத்தைவிட ஐந்தாறு அடி உயரத்தில் ஏற்கெனவே கட்டி முடித்த அறைகள் இருக்கும்போது, கீழ்த்தளத்தை நான்கடி தூக்குவதற்காக அவ்வளவு பெரிய தொகையைக் கடனாக வாங்கவிருந்தோம்.

எந்தத் தண்ணீர் வருகிறது என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வந்தது ஓடுகிற நீர். ஆளை இழுக்கும் நீர். அதற்கு எதிராக எந்த வீட்டுத் தயாரிப்பும் போதாது. வெளியேறுவது ஒன்றுதான் வழி. மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் வருவது பெரும்பாலும் நிற்கிற நீர். ஏரிகளின் உபரியும் தெருக்களின் மழையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தேடி வருகின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கி, குப்பைமேடும் கட்டடங்களும் அதன்மேல் ஏறி நெடுங்காலமாகிறது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்ததால் மிச்சத்துக்காவது ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. புயல் கரைக்கு அருகே நிற்கும்போது கடல் பொங்கி, முகத்துவாரம் நீரை வாங்க மறுக்கிறது. மிக்ஜாம் அப்படித்தான் செய்தது: ஆந்திராவின் பாபட்லா அருகே டிசம்பர் 5 அன்று கரையைக் கடப்பதற்கு முன், சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக நகர்ந்தபடி இரண்டு நாள் மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 20 சென்டிமீட்டர் பெய்தால், அந்த மனையில் மட்டும் ஏறக்குறைய 44,600 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நான்கு நடை வந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தெருவிலுள்ள எல்லா மனைகளின் நீரும் போக இடமில்லாமல் நின்றால் அது எங்கள் கூடத்துக்குள் வரத்தான் வரும். வராமல் தடுப்பதற்குச் செலவழிப்பதைவிட, வந்தால் நட்டமில்லாதபடி செய்வதற்குச் செலவழிக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

நனையலாம் என்று விட்ட தரைத்தளம்

முதலில் மின்சாரம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்த எல்லா பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கழுத்தளவுக்கு மேலே புதிதாகப் போட்டோம். மீட்டர் பலகையையும் விண்ணப்பம் கொடுத்து உயர்த்தினோம். கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி இணைப்புச் சுற்று. கீழே மட்டும் நிறுத்திவிட்டு மாடியில் விளக்கெரிக்கலாம். கசிவு மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தாயிற்று. இந்தச் செலவில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன். தேங்கிய நீரில் உயிர் போவது மூழ்குவதால் மட்டும் அல்ல, மின்சாரத்தாலும்தான். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடிப்படியின் திருப்பத்துக்குப் போயின. தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த சுற்றை எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்லும் வரை கீழே யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி.

அடுத்தது, நம் வீடுகளில் பலரும் கவனிக்காத ஒன்று. வாசலில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் காக்கிறோம். தண்ணீரோ குளியலறையின் தரை வடிகால் வழியாகவும் கழிவறைக் கோப்பை வழியாகவும் உள்ளிருந்து பொங்கி வருகிறது. வெளியே நீர்மட்டம் உயர்ந்தால், குழாய் வழியாக அதே மட்டத்துக்கு உள்ளேயும் அது வந்தே தீரும். கீழ்த்தளக் கழிவுக்குழாயில் பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்று சொல்லும் ஒருவழி வால்வைப் போட்டோம். அது மூடியிருக்கும் நேரத்தில் நம் கழிவும் வெளியே போகாது. ஆகவே மாடிக் கழிவறையின் குழாயைத் தனியாகப் பிரித்து, வால்வுக்கு அப்பால் சேர்த்தோம். மாடிக்குழாயில் பத்தடிக்கு மேல் உயர வேறுபாடு இருப்பதால் தெருவில் நான்கடி நீர் நின்றாலும் அது இறங்கும். ஆசிரியர் வீட்டில் நான்கடி உயர்த்தியும் கழிவறை வேலை செய்யாததன் காரணம் இதுதான்: வெள்ள மட்டத்துக்கும் அவர் தரைக்கும் இடையே தண்ணீரைத் தள்ளும் அளவுக்கு உயரமே இல்லை. வால்வு வைக்க வசதியில்லாதவர்கள், பாலித்தீன் உறையில் மணலை முக்கால் அளவு நிரப்பிக் கட்டி, தரை வடிகாலின் மேலும் கழிவறைக் கோப்பைக்குள்ளும் அழுத்தி வைக்கலாம். மூட்டையை முழுக்க நிரப்பினால் அது விறைத்து நின்று, ஓட்டையோடு பொருந்தாது.

சம்பின் வாயைச் சுற்றிக் கட்டி உயர்த்தி, ரப்பர் வளையம் வைத்த மூடி போட்டோம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளம் வருகிறதே, சம்பைக் காலி செய்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மண் நீரில் ஊறியிருக்கும்போது காலித் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தள்ளும். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஏறக்குறைய ஒரு டன் விசை. பிளாஸ்டிக் தொட்டி பெயர்ந்து வரும், கட்டிய தொட்டி விரிசல் விடும். சம்பை நிரப்பித்தான் வைக்க வேண்டும். அந்த நீர் கெட்டுப்போகலாம் என்று வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் வேண்டியதை மொட்டை மாடித் தொட்டியில் முன்கூட்டியே ஏற்றிக்கொள்கிறோம். மேல்தொட்டி நிறைந்திருந்தால் புயல் காற்றிலும் அசையாது. ஆழ்துளைக் கிணற்றின் குழாயையும் வெள்ள மட்டத்துக்கு மேல் நீட்டி மூடினோம். திறந்திருந்தால் தெருக் கழிவு நேரே நிலத்தடிக்கு இறங்கும்.

பிறகு அறைகள். பிளைவுட் அலமாரிகளைக் கழற்றினோம். ஒருமுறை ஊறினால் அவை உப்பிப் பிரிந்துவிடும். சமையலறையில் கதவில்லாத கடப்பைக் கல் தட்டுகள் வந்தன. அம்மா வாழ்ந்த பழைய வீடுகளில் அப்படித்தான் இருந்தன என்பதால், இந்த ஒரு மாற்றத்தை அவர் மனமார வரவேற்றார். சுவரில் நான்கடி உயரத்துக்குப் பட்டிப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் சிமெண்ட் பூச்சு. கழுவி, உலர்த்தி, சுண்ணாம்பு அடித்தால் போதும். சமையல் எரிவாயு சிலிண்டர் நிறைந்திருந்தாலும் மிதக்கும். அதன் மொத்த எடை ஏறக்குறைய 30 கிலோ, அது விலக்கும் நீரோ அதைவிட அதிகம். மிதக்கும் சிலிண்டர் ரெகுலேட்டர் குழாயை இழுத்துப் பிடுங்கிவிடும் என்பதால், வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் கழற்றி மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். ஃபிரிட்ஜ் மாடியிலேயே இருக்கிறது. பத்திரங்கள் மாடிப் பரணில் உறையிட்டு இருக்கின்றன. அவற்றின் நகல்கள் கைப்பேசியிலும் தம்பியின் வீட்டிலும் உள்ளன. 2015-க்குப் பிறகு, ஆவணங்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல்கள் கொடுத்தது பெரிய உதவிதான். அந்த வரிசையில் நிற்க நேராமல் இருப்பது அதைவிட நல்லது.

அம்மாவின் கட்டில்

கல்லும் குழாயும் வயரும் எளிது. கடினமானது அம்மா. முழங்கால் வலியால் அவர் கீழ்த்தளத்தில் வசிக்கிறார். வலி மட்டுமே காரணம் அல்ல. காலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் பூக்காரர் பேசுவார், எதிர்வீட்டு மருமகள் குழந்தையை விட்டுவிட்டுப் போவாள், கீரைக்காரர் நின்று ஊர்க்கதை சொல்வார். தெருவோடு இருக்கும் அந்த உறவுதான் அவருக்கு வாழ்க்கை. மாடிக்கு வந்துவிடுங்கள் என்று நான் சொல்வது, அவர் காதில் சிறையில் போடுகிறேன் என்றுதான் விழுந்தது. மழை வரும்போது ஏறிக்கொள்கிறேன் என்றார். மழை வரும்போது ஏற முடியாது. இருட்டில், மின்சாரமில்லாமல், ஈரப் படியில், பதற்றத்தோடு வயதானவர்களை ஏற்றுவதில்தான் விபத்து நடக்கிறது. வெள்ளத்தில் எதை எடுக்க வேண்டும் என்பதைவிட, எப்போது நகர வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்வதுதான் அதிக முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். அந்த நேரத்தில் வீட்டில் வாக்குவாதம் நடக்கக் கூடாது.

பலநாள் பேச்சுக்குப் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தீபாவளி முடிந்ததும் அம்மாவின் கட்டில் மாடிக்குப் போகும். பொங்கலுக்கு முன் கீழே இறங்கும். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம்தான்; நம் ஊரைப் புரட்டிப்போட்ட புயல்களான வர்தாவும் நிவரும் மிக்ஜாமும் நவம்பரிலும் டிசம்பரிலும்தான் வந்தன. தீபாவளிக்கு முன்னரே சிவப்பு எச்சரிக்கை வந்தால் அன்று பகலிலேயே ஏறிவிட வேண்டும், மறுபேச்சு இல்லை. அதற்குப் பதிலாக அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: மழையில்லாத காலைகளில் யாராவது கைபிடித்து அவரைத் தாழ்வாரத்துக்கு இறக்கி, மதியத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். மாடிப்படியின் இருபுறமும் கைப்பிடி வைத்தோம். இத்தனை வேலைகளிலும் செலவு குறைந்ததும் எனக்கு அதிக நிம்மதி தந்ததும் அந்தக் கைப்பிடிதான்.

காற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை; வர்தா வீசிய 2016 டிசம்பர் 12-ஐச் சென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மொட்டை மாடியில் கட்டப்படாத தகரமும் பூந்தொட்டியும் இருக்கக் கூடாது, கிளைகளைப் புரட்டாசிக்குள் கழிக்க வேண்டும். வர்தாவின் மையம் கடந்தபோது காற்று சற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசியது. அந்த ஓய்வில் வெளியே வரவே கூடாது. வெள்ளத்துக்குப் பயந்து காரை வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்துகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதைத்தான் அவசியம் தவிர்க்க வேண்டும். என்ஜினுக்குள் நீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே அது உடையும், காப்பீட்டிலும் சிக்கல் வரும். வீட்டுக்கு, 2021 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளமும் புயலும் அடங்கும். ஐப்பசிக்கு முன் எல்லா அறைகளையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்வது கோரிக்கையின்போது உதவும்.

காம்பவுண்டு சுவரின் அடி

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தெருவில் எனக்குக் கொஞ்சம் மனக்கசப்பைத் தேடித் தந்ததும் அதுதான். ஒரு வீடு ஜாக்கியில் ஏறினால் தெருவின் நீர்மட்டம் உயர்ந்துவிடாது. அப்படிச் சொல்வது நியாயமல்ல. ஆனால் மனை முழுவதையும் மண் கொட்டி மேடாக்கி, சுற்றிலும் இடைவெளியில்லாத சுவர் எழுப்பினால், மழை வடிய வழியில்லாமல் பக்கத்து வீட்டு முற்றத்தில் தேங்குகிறது. அந்தப் பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்தில் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள்தான் வசிக்கிறார்கள். சுவரை உயர்த்தவோ பிளக்கை மாற்றவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. சுவர் கட்டியவருக்கும் அதில் ஆபத்து உண்டு. ஒருபுறம் மட்டும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 500 கிலோ விசை தள்ளுகிறது; ஒற்றைச் செங்கல் காம்பவுண்டு சுவர் அதைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. எங்கள் சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் விட்டு, எலியும் பாம்பும் நுழையாமல் கம்பி வலை அடித்தோம். தண்ணீர் உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். இதையே செய்யுமாறு தெருவில் மற்றவர்களையும் கேட்டபோது, சிலர் தங்கள் வீட்டுக்குள் தெருத் தண்ணீரை அழைக்கச் சொல்கிறேன் என்று வருத்தப்பட்டார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேட்பதை நிறுத்தப் போவதில்லை.

இவ்வளவும் மாடி உள்ளவர்களுக்கான பேச்சு. கொளத்தூரில் என் சித்திக்கு ஒற்றைத் தள வீடுதான். மேலே ஒதுங்க ஓர் அறைகூட இல்லை. சித்தப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். உன் வீட்டை நீ உயர்த்தவில்லை, எங்களுக்கு என்ன சொல்கிறாய் என்று போன மாதம் கேட்டார். உயர்த்துங்கள் சித்தி என்றேன். ஆனால் ஒப்பந்தத்திலேயே சம்பின் வாயையும் செப்டிக் டேங்கின் மூடியையும் புதிய தரைமட்டத்துக்குச் சேர்த்து உயர்த்தும் வேலையை எழுதி வாங்கச் சொன்னேன். கழிவுக்குழாய்க்கு வால்வு வைக்காமல் குளியலறைத் தரையை மூட விட வேண்டாம், முன்வாசலுக்குப் படிக்கட்டோடு நாற்காலியில் வைத்து இறக்கும்படி ஒரு சரிவுப் பாதையும் கேளுங்கள் என்றேன். அவர் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். வேலை பங்குனியில் தொடங்குகிறது. மேஸ்திரியிடம் பேச நானும் போகிறேன்.